இணைய நிகழ்படத் தனியுரிமை வழக்குகள்

இணைய நிகழ்படத் தனியுரிமை வழக்குகள் என்பவை, பயனர் ஒருவர் இணையத்தளத்தில் எந்த நிகழ்படத்தைப் பார்த்தார் என்னும் தகவல் அவரது இசைவின்றி மூன்றாம் தரப்புக்கு அளிக்கப்பட்டதாகக் கூறி, ஐக்கிய அமெரிக்க நீதிமன்றங்களில் தொடுக்கப்பட்ட வழக்குகள் ஆகும். இவற்றுக்கு அடிப்படையாக அமைவது 1988 ஆம் ஆண்டின் நிகழ்படத் தனியுரிமைப் பாதுகாப்புச் சட்டம் ஆகும். ஒளிநாடா வாடகைக் கடைகளை மனதிற் கொண்டு இயற்றப்பட்ட இச்சட்டம், அக்கடைகள் ஏறத்தாழ மறைந்த பின்னரே மிகுதியாகப் பயன்படுத்தப்பட்டது.

சட்டத்தின் தோற்றம்

1987 இல் குடியரசுத் தலைவர் ரொனால்ட் ரேகன், ராபர்ட் போர்க் என்பவரை உச்ச நீதிமன்ற நீதிபதிப் பதவிக்கு முன்மொழிந்தார். இது செனட் அவையின் ஆய்வில் இருந்தபோது, போர்க் குடும்பத்தினர் வாடகைக்கு எடுத்த 146 ஒளிநாடாக்களின் பட்டியலைக் கொண்டு வாஷிங்டன் சிட்டி பேப்பர் என்னும் வார இதழ் ஒரு கட்டுரை வெளியிட்டது. பட்டியலை இதழாளரிடம் கொடுத்தவர் கடைப் பணியாளர். அதில் குறைகூறத்தக்க படம் எதுவும் இல்லை. எனினும் தத்தம் பட்டியலும் இவ்வாறே ஏதோ ஒரு கடையில் இருப்பதை இரு கட்சி உறுப்பினர்களும் உணர்ந்தனர். அரசியலமைப்பில் பொதுவான தனியுரிமை என ஒன்று இல்லை என்னும் கருத்துடையவராகவே போர்க் அறியப்பட்டிருந்தார் என்பது இங்கு குறிப்பிடத்தக்கது. அவரது நியமனம் வேறு காரணங்களால் 58-42 என்ற வாக்குக் கணக்கில் தோற்றது. செனட்டர் பேட்ரிக் லேஹி கொண்டுவந்த சட்டவரைவில் ரேகன் 1988 நவம்பர் 5 இல் கையொப்பமிட்டார்.

நிகழ்படம் வழங்குவோர், இன்னார் இன்ன நிகழ்படத்தைப் பெற்றார் என அடையாளம் காட்டும் தகவலை அறிந்தே வெளியிடுவதை இச்சட்டம் தடை செய்கிறது. மீறினால் பாதிக்கப்பட்ட ஒருவருக்குக் குறைந்தது 2,500 டாலர் இழப்பீடு வழங்க நீதிமன்றம் ஆணையிடலாம். ஒரு தளத்தின் ஒரு லட்சம் பயனர்கள் சார்பில் கூட்டு வழக்குத் தொடுக்கப்பட்டால் இத்தொகை 25 கோடி டாலர் ஆகிவிடும். வழக்குகள் பெருகியதையும், பல நிறுவனங்கள் தீர்ப்புக்குக் காத்திராமல் இணக்கம் கண்டதையும் இக்கணக்கே பெரிதும் விளக்குகிறது. 2013 சனவரியில் நடைமுறைக்கு வந்த திருத்தம், பயனரின் இசைவை இணையம் வழியாகவும் பெற வழிசெய்தது. ஆனால் அவ்விசைவு பிற விதிமுறைகளோடு கலவாமல் தனியாகப் பெறப்பட வேண்டும்.

தடங்காணும் நிரல்கள்

வழக்குகளில் பெரும்பாலானவை மெட்டா (முன்னர் பேஸ்புக்) நிறுவனத்தின் 'பிக்சல்' பற்றியவை. இது விளம்பரப் பயனை அளவிடுவதற்காகத் தள உரிமையாளர் தமது பக்கத்தில் சேர்க்கும் சிறு நிரல்துண்டு ஆகும். பக்கம் திறக்கப்பட்டதும் பயனரின் உலாவி, அப்பக்கத்தின் முகவரியை மெட்டாவின் வழங்கிக்கு அனுப்புகிறது. பல தளங்களில் அம்முகவரியிலேயே நிகழ்படத்தின் பெயரும் இருக்கும். பயனர் அதே உலாவியில் பேஸ்புக்கில் உள்நுழைந்திருந்தால், அவரது கணக்கு எண்ணைக் கொண்ட குக்கியும் உடன் செல்லக்கூடும். அந்த எண்ணைப் பேஸ்புக் முகவரியின் பின்னால் இட்டால் உரியவரின் பக்கத்தை அடையலாம் என்பது வழக்காளிகளின் முதன்மை வாதம். மூன்றாம் தரப்புக் குக்கிகளைத் தடுக்கும் உலாவிகளில் இது பொதுவாக நிகழாது. பயனரின் திரையிலோ இவற்றுள் எதுவும் தெரிவதில்லை.

வழக்குகளின் போக்கு

பயனர்களின் செயல்களைப் பிற தளங்களிலிருந்து திரட்டிய பேஸ்புக்கின் 'பீக்கன்' சேவை 2007 இல் தொடங்கியது. அதற்கு எதிரான வழக்கு 95 லட்சம் டாலர் இணக்கத்தில் முடிந்தது. ஹுலு வழக்கில் 2012 இல், இணையவழி நிகழ்படமும் இச்சட்டத்துள் அடங்கும் என்று கலிபோர்னியா நடுவண் நீதிமன்றம் கூறியது. எனினும் தகவல் அறிந்தே அளிக்கப்பட்டதற்குச் சான்றில்லை என்று 2015 இல் ஹுலுவுக்குச் சார்பாகத் தீர்ப்பளிக்கப்பட்டது. 2022 முதல் செய்தித்தாள்கள், விளையாட்டு அமைப்புகள் முதலியவற்றின் மீதும் வழக்குகள் குவிந்தன. பாஸ்டன் குளோப் நாளிதழ் 2023 இல் 50 லட்சம் டாலருக்கு இணங்கியது.

'நுகர்வோர்' யார் என்பதில் மேல்முறையீட்டு நீதிமன்றங்கள் முரண்பட்டன. மின்னஞ்சல் செய்திமடலுக்குப் பதிவு செய்தவரும் நுகர்வோரே என்று என்பிஏ கூடைப்பந்துச் சங்கத்தின் மீதான வழக்கில் இரண்டாம் சுற்று நீதிமன்றம் 2024 இல் கருதியது. பாரமவுண்ட் வழக்கில் ஆறாம் சுற்று நீதிமன்றம் 2025 இல் இதை ஏற்கவில்லை.

அடையாளத் தகவல் எது என்பது இதனினும் கடினமான வினா. கானெட் வழக்கில் (2016) முதலாம் சுற்று நீதிமன்றம், கருவியின் எண்ணும் இருப்பிடமும் சேர்ந்து அடையாளம் காட்டும் என்றது. அதே ஆண்டில் நிக்கலோடியன் வழக்கில் மூன்றாம் சுற்று நீதிமன்றம், சாதாரண மனிதர் ஒருவர் அத்தகவலைக் கொண்டு ஆளை அறிய இயல வேண்டும் என்றது. 2025 மே மாதம் பிளிப்ஸ் மீடியா வழக்கில் இரண்டாம் சுற்று நீதிமன்றமும் இதே அளவுகோலை ஏற்றது. பிக்சல் அனுப்பும் குறிவரிகளைப் பார்த்துச் சாதாரண மனிதர் எதையும் அறிய முடியாது என்பது அதன் முடிவு. ஆயின் அவ்வரிகளைப் பெறுவது சாதாரண மனிதர் அல்லர்; கணக்கு எண்ணையும் ஆளையும் நொடியில் பொருத்தவல்ல நிறுவனமே என்பது இத்தீர்ப்பின் மீதான வலுவான மறுப்பு.

இத்தீர்ப்பு நியூயார்க், கனெக்டிகட், வெர்மான்ட் மாநிலங்களிலுள்ள நடுவண் நீதிமன்றங்களில் பிக்சல் வழக்குகளுக்கான வாய்ப்பைப் பெரிதும் குறைத்தது. தடங்காணும் நிரல்கள் மீதான வழக்குகளில் மாநிலச் சட்டங்களும் பயன்படுத்தப்படுகின்றன. அவற்றுள் ஒன்று, தொலைபேசி ஒட்டுக்கேட்பைத் தடுக்க 1967 இல் இயற்றப்பட்டு, மீறல் ஒன்றுக்கு 5,000 டாலர் கோர இடமளிக்கும் கலிபோர்னியாவின் தனியுரிமை மீறல் சட்டம் ஆகும்.