ஊசித்துளை வழியே – 6: கோழித் தீனிப்பையில் பழகும் கை

சென்ற வாரம் சிறுநீரகக் கல்லோடு நிறுத்தினோம். இந்த வாரம் கல்லை எடுப்பவரைப் பற்றி. சரியாகச் சொன்னால், எடுக்கக் கற்றுக்கொள்பவரைப் பற்றி.

சிங்கப்பூரில் யூராலஜி, அதாவது சிறுநீரியல், நிபுணராவதற்கு ஆறு ஆண்டு ரெசிடென்ஸிப் பயிற்சி. தமிழ்நாட்டில் எம்.எஸ். முடித்து, அதன்மேல் எம்.சிஎச். மூன்று ஆண்டு. இலங்கையில் எம்.டி. தேறியபின்னும் வெளிநாட்டில் பயிற்சி பெற்று வந்தால்தான் நிபுணர் என்று ஒப்புக்கொள்வார்கள். இவ்வளவும் படித்து, ஊரில் ‘பெரிய டாக்டர்’ என்று பெயர் எடுக்கும் நேரத்தில், முப்பத்தைந்து வயதை ஒட்டிய ஒருவர் மறுபடி மாணவராகச் சிங்கப்பூரின் ஊட்ரம் அல்லது கெண்ட் ரிட்ஜ் மருத்துவமனைக்கு வந்து நிற்கிறார். சிங்கப்பூர் மருத்துவ மன்றம் தற்காலிகப் பதிவு தருகிறது. மூத்தவர் ஒருவரின் மேற்பார்வையில்தான் நோயாளியைத் தொடலாம். இவருக்குப் பெயர் ஃபெல்லோ. வாரக் கடைசியில் இட்லியும் மல்லிகைப்பூ வாசமும் தேடி லிட்டில் இந்தியாவின் தேக்காவுக்கு வரும் கூட்டத்தில் இவர்களில் சிலரையும் பார்க்கலாம்.

எல்லாம் படித்தவருக்கு இன்னும் என்ன பாக்கி?

விடைக்குக் கொஞ்சம் பின்னோக்கிப் போக வேண்டும். 1990 ஜூன் 25. அமெரிக்காவின் செயின்ட் லூயிஸ் நகரில் ரால்ஃப் கிளேமன் என்ற மருத்துவர் 85 வயது மூதாட்டி ஒருவரின் சிறுநீரகத்தை, விலாவைக் கிழிக்காமல், சில துளைகள் வழியாகவே எடுத்தார். வயிற்றுக்குள்ளேயே ஒரு பையில் போட்டுக் கட்டி, பைக்குள்ளேயே துண்டு துண்டாக்கி வெளியே இழுத்தார். ஏறக்குறைய ஏழு மணி நேரம் பிடித்தது. அதுவரை வயிற்றைத் திறந்து, கையை உள்ளே விட்டு, தடவிப் பார்த்தே கற்ற ஒரு தலைமுறை முழுவதும் அன்றோடு பாதி மாணவர்களாகிவிட்டார்கள்.

திறந்த அறுவையில் குரு தன் கையைச் சீடன் கைமேல் வைத்துத் திருத்த முடியும். துளைவழி அறுவையில் அது நடக்காது. கருவி வயிற்றுச் சுவரில் ஊன்றியிருப்பதால் கையை வலப்பக்கம் அசைத்தால் உள்ளே முனை இடப்பக்கம் போகும். திரை தட்டை, அதில் ஆழம் தெரியாது. திசுவைத் தொட்டுப் பார்க்கும் உணர்வும் பெருமளவு போய்விடும். எங்கே வெட்ட வேண்டும் என்று மூளைக்குத் தெரிந்திருந்தும் கைக்குத் தெரியாத ஒரு நிலை. இந்த இடைவெளியை அடைக்கத்தான் ஃபெல்லோஷிப்.

நம்ம பக்கத்து ஆள் ஒருவரின் கதை இங்கே பொருத்தம். மணி மேனன் திருச்சூரில் பிறந்து, புதுச்சேரி ஜிப்மரில் படித்து, அமெரிக்காவின் ஜான்ஸ் ஹாப்கின்ஸில் பயிற்சி பெற்றவர். டெட்ராய்ட்டின் ஹென்றி ஃபோர்டு மருத்துவமனையில் யூராலஜி துறைத் தலைவராக இருந்தவர். திறந்த அறுவையில் கைதேர்ந்த அவர், 2000-ஆம் ஆண்டில், ஐம்பதைத் தாண்டிய வயதில், லேப்ராஸ்கோபி என்ற துளைவழி அறுவையால் புராஸ்டேட்டை அகற்றக் கற்க வேண்டும் என்று பாரிஸிலிருந்து வலான்சியன், கியோனோ என்ற இருவரைத் தம் மருத்துவமனைக்கே வரவழைத்தார். தம் துறையிலேயே தாம் மாணவர்! கற்பது லேசாக இல்லை. அந்தச் சிரமத்தில்தான் டாவின்சி என்ற அறுவை ரோபோவைக் கையில் எடுத்தார். ரோபோவில் கை போகும் திசையிலேயே முனையும் போகும், ஆழமும் தெரியும். புராஸ்டேட் புற்றுநோய்க்கு ரோபோ அறுவை உலகெங்கும் பரவியதில் டெட்ராய்ட்டுக்குப் பெரும் பங்கு உண்டு.

2003-இல் அந்த ரோபோ சிங்கப்பூர் பொது மருத்துவமனைக்கு வந்தது. வந்ததைவிட, அதை எப்படிப் பழகினார்கள் என்பதுதான் எனக்குச் சுவையாகப் படுகிறது. பெரிய நாட்டில் ஒரு மருத்துவர் ஆண்டுக்கு நூற்றுக்கணக்கில் செய்து கை தேறிவிடலாம். சின்னத் தீவில் அத்தனை நோயாளிகளுக்கு எங்கே போவது? ஒவ்வொருவரும் தனித்தனியே முட்டி மோதினால் யாருமே தேற மாட்டார்கள். அதனால் அங்கே ஒரு குழுவாகச் சேர்ந்து கற்றார்கள். ஒருவர் அனுபவம் மற்றவருக்கும் வரவு வைக்கப்பட்டது. இப்படிக் குழுவாகப் பழகினால் தேறும் காலம் குறைகிறது என்று 2006-இல் ஆய்வுக் கட்டுரையும் வெளியிட்டார்கள். பற்றாக்குறையிலிருந்து பிறந்த பாடம்.

இன்று இந்த வகை அறுவையைக் கற்பிக்கும் பல இடங்களில் இதே போக்குதான். முழு அறுவையையும் ஒருவர் தலையில் கட்டுவதில்லை. முதலில் கேமரா பிடி. அப்புறம் துளை போடு. பிறகு குடலை ஒதுக்கு. தையல் கடைசியில்தான். தையலுக்கு ஏன் அவ்வளவு தாமதம் என்பது உட்கார்ந்து பார்த்தால் புரியும். சிறுநீரகத்துக்கும் சிறுநீர்க்குழாய்க்கும் நடுவே அடைப்பு இருந்தால், குறுகிய இடத்தை வெட்டி எறிந்து இரண்டு முனைகளையும் மறுபடி இணைக்க வேண்டும். குழாயின் அகலம் சில மில்லிமீட்டர். ஒரு தையல் இறுகினால் அடைப்பு, தளர்ந்தால் ஒழுக்கு.

இதை நோயாளிமேல் பழக முடியாது. விலை உயர்ந்த சிமுலேட்டர்கள் இருக்கின்றன. ஆனால் எனக்குப் பிடித்தது நடியாட் வழி. குஜராத்தின் நடியாடில் உள்ள முல்ஜிபாய் படேல் சிறுநீரக மருத்துவமனைக் குழு 2008-இல் ஒரு பயிற்சி மாதிரியை வெளியிட்டது. மூலப்பொருள் கோழியின் தீனிப்பை. தொண்டைக்குக் கீழே உணவுக்குழாய் பை போல விரியும் இடம் அது. தேக்காச் சந்தையில் கோழி வாங்குகிறவர்கள் அதைக் கவனித்தேயிருக்க மாட்டார்கள். சுத்தம் செய்யும்போதே போய்விடும். அதில் தண்ணீர் நிரப்பினால் அடைப்பால் வீங்கிய சிறுநீரகப் பை தயார். ஒட்டியிருக்கும் உணவுக்குழாய்தான் சிறுநீர்க்குழாய். பயிற்சிப் பெட்டிக்குள் வைத்து, திரையைப் பார்த்தபடி வெட்டி, இணைத்து, முடிச்சுப் போட வேண்டும். முடிந்ததும் தண்ணீர் விட்டுப் பார்த்தால் போதும்; ஒழுகுகிற துளி வாத்தியாரைவிடக் கறாராக மதிப்பெண் போடும்.

ரோபோ, லேசர் என்று பேசும்போது எல்லோரும் மறந்துவிடுகிற ஒரு பாடத்தையும் சொல்லியாக வேண்டும். அது லிட்டில் இந்தியாவில் ஞாயிற்றுக்கிழமை கூடும் ஊழியர்களைத் தொடுகிறது. வெயிலில் கட்டுமான வேலை, போதாத தண்ணீர். கிட்னியில் கல் சேர இது போதும். கல்லை லேசரால் உடைத்தபின், வீங்கிய குழாய் அடைக்காதிருக்க இரண்டு முனையும் சுருண்ட டிஜே ஸ்டென்ட் ஒன்றைப் பெரும்பாலும் உள்ளே விட்டுவைப்பார்கள். பொதுவாகச் சில வாரங்களில் எடுத்துவிட வேண்டிய பொருள். மெல்லிய கேமராக் குழாயை விட்டு எடுக்கச் சில நிமிடங்கள்தான். மாதக்கணக்கில் விட்டால் அதன்மேலேயே உப்புப் படிந்து கல்லாகும். எடுக்க மறுபடி பெரிய அறுவை. வலி போனதும் ‘சரியாகிவிட்டது’ என்று நினைத்து, வேலை அனுமதி முடிந்து, ஸ்டென்ட்டோடு ஊருக்கு விமானம் ஏறிவிட்டால்? மறந்துபோன ஸ்டென்ட் உலகெங்கும் யூராலஜிக்காரர்களின் பெரிய தலைவலி. யாருக்கு, எந்தத் தேதியில் வைத்தோம், எப்போது எடுக்க வேண்டும் என்று பதிவு வைத்துத் துரத்துவதும் ஃபெல்லோ பழக வேண்டிய வேலை. தமிழ் தெரிந்த ஃபெல்லோ ஒருவர், “தம்பி, உள்ளே ஒரு குழாய் இருக்கு; எடுக்காம ஊருக்குப் போயிடாதே” என்று சொல்லிவிட்டால் ஒரு அறுவை மிச்சம்.

சிங்கப்பூரில் வேலை அனுமதிக்காரருக்கு முதலாளி எடுக்க வேண்டிய மருத்துவக் காப்பீடு 2023 ஜூலை முதல் ஆண்டுக்குக் குறைந்தது 60,000 வெள்ளி. முன்பு 15,000. இந்த விவரம் தெரியாமல் வலியைப் பொறுத்துக்கொள்கிறவர்களுக்காக இங்கே எழுதிவைக்கிறேன்.

பயிற்சி முடிந்து ஊர் திரும்பும் ஃபெல்லோவுக்கு ஒரு கணக்கு காத்திருக்கிறது. யாழ்ப்பாணத்திலோ மதுரையிலோ ஓர் அரசு மருத்துவமனையில் ரோபோவை எதிர்பார்க்க முடியாது. அதனால் வருகிறவர்களுக்கு என் யோசனை இதுதான்: ரோபோவின் அருகே நிற்பதற்காக மட்டும் ஓராண்டைச் செலவிடாதீர்கள். வளையும் கேமராவால் கல் எடுப்பதும் லேப்ராஸ்கோபித் தையலும் கைக்கு வரும்வரை இருங்கள். அவற்றுக்கு வேண்டிய கருவிகளை ஊரில் நச்சரித்தாவது வாங்கிவிடலாம். தையல் பழகக் கோழிக்கடை எங்கும் இருக்கிறது.

(தொடரும்)