ஒரு முகவரி, 13,000 வாசல்

கோவையில் ஒரு நிறுவனத்தில் வேலை பார்க்கும் வாசகி ஒருவர் எழுதியிருக்கிறார். துறை மாறி வெகுநாள் ஆகிவிட்டதாம். இன்னமும் பழைய துறையின் டிஎல் என்கிற அஞ்சல் பட்டியலில் அவர் பெயர் இருக்கிறது. யாருக்கு எவ்வளவு சம்பள உயர்வு என்கிற அஞ்சல்கூட வந்து சேர்கிறது. படிக்கக் கூசுகிறது, எடுத்துவிடச் சொல்லலாம் என்றால் யாரிடம் சொல்வது என்று அங்கே ஒருவருக்கும் தெரியவில்லை. “ரிப்ளை ஆல் போட்டு, என்னை நீக்குங்கள் என்று எல்லோரிடமும் கேட்டுவிடட்டுமா?” என்று கடிதத்தை முடித்திருக்கிறார்.

வேண்டாம் அம்மா. ஏன் வேண்டாம் என்று சொல்லத்தான் இந்த வாரக் கட்டுரை.

அலுவலகங்களில் டிஎல் என்று சுருக்கிச் சொல்லப்படும் டிஸ்ட்ரிபியூஷன் லிஸ்டுக்கு முகவரி உண்டு, அஞ்சல் பெட்டி கிடையாது. அந்த முகவரிக்கு வரும் கடிதத்தை சர்வர் வாங்கி, பட்டியலில் உள்ள பெயர்களை விரித்து, ஆளுக்கொரு பிரதி அனுப்பிவிடும். பெயர்களுக்கு நடுவே இன்னொரு டிஎல் இருந்தால் அதையும் விரிக்கும். அதற்குள் மற்றொன்று இருந்தால் அதையும். முதல் பட்டியலுக்குள் இரண்டாவது, இரண்டாவதுக்குள் மறுபடி முதலாவது என்று யாராவது சேர்த்து வைத்திருந்தால்? எதையெல்லாம் விரித்தாயிற்று என்று சர்வர் நினைவில் வைத்திருக்க வேண்டும். இல்லையென்றால் அந்தக் கடிதத்துக்கு ஓய்வே இருக்காது.

எங்கள் அத்தை கல்யாண அழைப்புக்கென்றே ஒரு நோட்டு வைத்திருந்தார். ‘தென்காசி வகையறா’ என்று அதில் ஒரு வரி இருக்கும். விரித்தால் தெரு நீளத்துக்கு வீடுகள் வரும். ஒவ்வொரு கல்யாணத்துக்கு முன்னாலும் உட்கார்ந்து, காலமானவர்களை அடித்து, ஊர் மாறியவர்களைத் திருத்தி, புது சம்பந்தி வீட்டைச் சேர்த்த பிறகுதான் முதல் பத்திரிகை வாசல் தாண்டும். பெரும்பாலான அலுவலகப் பட்டியல்களுக்கு அப்படி உட்கார்ந்து பார்க்க ஆளே கிடையாது. எனக்கு ஆற்றாமையெல்லாம் அதில்தான்.

வாசகி கேட்ட அதே காரியத்தை 1997 அக்டோபரில் ஒருவர் செய்துவிட்டார், மைக்ரோசாஃப்ட் நிறுவனத்துக்குள்ளேயே. உள் உபயோகத்துக்கான கருவிகள் எழுதும் குழுவில் யாரோ, நிறுவனத்தின் அஞ்சல் பெட்டிகளை நான்காகப் பங்கிட்டு நான்கு பட்டியல்கள் உண்டாக்கியிருந்தார்கள். அவற்றில் ஒன்றின் பெயர் ‘பெட்லம் டிஎல்3’. அதில் ஏறத்தாழ 13,000 பேர். தன் பெயர் அதில் இருப்பதைக் கவனித்த ஊழியர் ஒருவர், என்னை ஏன் சேர்த்தீர்கள், நீக்கிவிடுங்கள் என்று அந்த முகவரிக்கே எழுதினார். அது 13,000 பேருக்கும் போனது. என்னையும் நீக்குங்கள், என்னையும் என்று பதில்கள் கிளம்பின. ரிப்ளை ஆல் போடாதீர்கள் என்று ரிப்ளை ஆல் போட்டவர்கள் அடுத்து வந்தார்கள். மொத்தம் 1.5 கோடி அஞ்சல்கள், 195 ஜிபி என்று அங்கே வேலை பார்த்த பொறியாளர் ஒருவர் பின்னாளில் கணக்குச் சொன்னார். உலகத்துக்கெல்லாம் அவர்கள் விற்றுக்கொண்டிருந்த எக்ஸ்சேஞ்ச் அஞ்சல் மென்பொருள், சொந்த வீட்டிலேயே சுருண்டு விழுந்தது.

இந்தக் கணக்கைக் கொஞ்சம் வகுத்துப் பாருங்கள். 1.5 கோடியை 13,000 ஆல் வகுத்தால் 1,150 சொச்சம் வருகிறது. அவ்வளவு பேர் ஆளுக்கு ஒரு தடவை பொத்தானை அழுத்தினால் போதும். பட்டியலில் பத்துப் பேருக்கு ஒருவர்கூட இல்லை. மற்றவர்கள் சும்மாதான் இருந்திருக்கிறார்கள். ஒரு அஞ்சலின் சராசரி எடை 13 கிலோபைட், அதுவும் ஒன்றுமில்லை. பட்டியல் பெருக்கும் விதத்தில்தான் விஷயம் இருக்கிறது. பட்டியல் இரு மடங்கானால் பதில் போடுகிறவர்களும் இரு மடங்காவார்கள், ஒவ்வொரு பதிலின் பிரதிகளும் இரு மடங்காகும். ஆக அஞ்சல்கள் நான்கு மடங்கு.

பிரிட்டனின் தேசிய சுகாதார சேவையில் 2016 நவம்பர் 14 அன்று இது இன்னும் பெரிதாக நடந்தது. லண்டனின் க்ராய்டன் பகுதிக்கென்று அமைத்த பட்டியலுக்கு ஒரு சோதனை அஞ்சல் போனது. உள்ளே ஒரு வரிகூட இல்லை. பட்டியலை அமைத்ததில் இருந்த பிழையால் அது அந்தச் சேவையின் அஞ்சல் கணக்கு வைத்திருந்த 8 லட்சத்துக்கும் அதிகமானவர்களுக்குப் போய்ச் சேர்ந்தது. பதில்களும், வாசித்தாயிற்று என்று தானாகப் போகும் ஒப்புகைகளுமாகச் சேர்ந்து 50 கோடி அஞ்சல்கள் என்று மதிப்பிட்டார்கள். அத்தனையும் பதில்கள்தான் என்று வைத்து வகுத்தாலும் 600 பக்கம்தான் வருகிறது. ஆயிரத்தில் ஒருவர்கூட இல்லை! நோயாளியின் பரிசோதனை முடிவும் பரிந்துரைக் கடிதமும் போகிற பாதை, வெற்று அஞ்சல் ஒன்றால் அன்று மந்தமாகிப் போனது.

மைக்ரோசாஃப்ட் பாடம் கற்றது. ஒரு அஞ்சலுக்கு இத்தனை பேர்தான் என்று வரம்பு வைக்கும் வசதி எக்ஸ்சேஞ்சில் வந்தது. 2020 மே மாதம் இன்னொரு தடுப்பு வந்தது: 5,000 பேருக்கு மேல் போகும் ரிப்ளை ஆல் ஒரு மணி நேரத்தில் பத்தைத் தொட்டால், அடுத்த நான்கு மணி நேரத்துக்கு அந்தச் சங்கிலியில் யாரும் எல்லோருக்கும் பதில் போட முடியாது என்று அப்போது வைத்தார்கள். நல்ல ஏற்பாடு. ஆனால் யார் வேண்டுமானாலும் 5,000 பேருக்கு எழுதலாம் என்று அந்தக் கதவைத் திறந்து போட்டது யார் என்று அது கேட்பதில்லை. கோவை வாசகியின் சங்கடமும் அதன் கண்ணில் படாது. ரிப்ளை ஆல் புயல் அடித்தால் அட்மின் ஓடி வருவார். தப்பான ஆளுக்குச் சத்தமில்லாமல் போய்க்கொண்டே இருக்கும் சம்பளக் கடிதத்துக்கு யார் ஓடி வருவார்கள்?

பட்டியல்களைக் கட்டுப்படுத்தப் புதிதாக எதையும் கண்டுபிடிக்க வேண்டியதில்லை. யார் ஒரு பட்டியலுக்கு எழுதலாம், யார் சேரலாம், சேர யாருடைய ஒப்புதல் வேண்டும் என்பதற்கெல்லாம் மென்பொருளில் இடம் இருக்கிறது. பெரிய பட்டியல்களுக்கு நாலைந்து பேர் மட்டுமே எழுத முடியும் என்று வைப்பது ஐந்து நிமிட வேலை. வைப்பதில்லை. உரிமையாளர் என்ற கட்டமும் இருக்கிறது. அதில் வேலையை விட்டுப் போனவர் பெயர் இருக்கிறது. ஒருவர் ராஜினாமா செய்தால் மடிக்கணினியையும் அடையாள அட்டையையும் அன்றைக்கே வாங்கிவிடுகிறோம். அவர் பொறுப்பில் எந்தெந்தப் பட்டியல்கள் இருந்தன என்று கேட்கிற அலுவலகம் அபூர்வம். சில பட்டியல்கள் கோப்புகளைத் திறக்கும் அனுமதியாகவும் இருப்பதுண்டு. அதில் தங்கிப்போன பெயருக்குக் கடிதம் மட்டுமா போகிறது, அலமாரியின் சாவியும் அல்லவா போகிறது!

ஒவ்வொரு டிஎல்லுக்கும் வேலையில் இருக்கிற இரண்டு பேர் பொறுப்பாக வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. ஒருவர் போனாலும் மற்றவர் இருப்பார். வருடத்துக்கு ஒரு முறை பெயர்களை அவர்கள் முன் வைத்து, இவர்கள் எல்லோரும் இருக்க வேண்டியவர்கள்தானா என்று கேட்க வேண்டும். பதில் வராத பட்டியலை நிறுத்திவைக்க வேண்டும். உடனே அழிக்க வேண்டாம். தேவைப்பட்டவர் தேடிக்கொண்டு வருவார், பொறுப்பை அவரிடமே கொடுத்துத் திறந்துவிடலாம். மைக்ரோசாஃப்ட் 365 குரூப் என்ற வகைக்கு இது கிட்டத்தட்டத் தானாகவே நடக்கும்படி செய்யலாம்: காலாவதித் தேதி வைத்தால் 30, 15, 1 நாள் முன்னதாக உரிமையாளருக்கு நினைவூட்டல் போகும், அழிந்த பிறகும் 30 நாள் வரை மீட்கலாம். பழைய டிஎல்லுக்கு அந்த வசதி கிடையாது, கையால்தான் பார்க்க வேண்டும்.

வாசகிக்கு: அவுட்லுக்கின் முகவரிப் புத்தகத்தில் அந்தப் பட்டியலின் விவரத்தைத் திறந்தால் உரிமையாளர் பெயர் இருக்கும். அவர் வேலையில் இல்லையென்றால் ஐடி பிரிவுக்கும் பழைய துறைத் தலைவருக்கும், அந்த இருவருக்கு மட்டும், எழுதுங்கள். சம்பளக் கடிதங்கள் வந்ததையும் மறைக்காமல் சொல்லுங்கள். உங்களுக்கு வந்தது போல இன்னும் யாருக்கெல்லாம் போகிறதோ. என்றைக்காவது நீங்களே பெரிய பட்டியலுக்கு எழுத நேர்ந்தால் அதன் முகவரியை பிசிசியில் போடுங்கள். யார் ரிப்ளை ஆல் அழுத்தினாலும் பதில் பட்டியலுக்குப் போகாது. பட்டியல் பெயரை வைத்து அஞ்சல்களைத் தனித்தனியாகப் பிரித்து வைக்கிறவர்களுக்கு மட்டும் அது பிரியாமல் நேரே இன்பாக்ஸில் வந்து விழும். ஆகவே எந்தப் பட்டியலுக்கு எழுதுகிறீர்கள் என்று முதல் வரியிலேயே சொல்லிவிடுங்கள்.