'அனைவரும் வருக' என்று அச்சடித்தால் போதுமா?

பொங்கல் கலைவிழாவோ, குடியிருப்போர் நலச்சங்கத்தின் ஆண்டு விழாவோ, ஊர்த் திடலில் நடக்கும் கூத்தோ, நோட்டீசின் கடைசி வரி எங்கும் ஒன்றுதான்: 'அனைவரும் வருக!'

பந்தலுக்குள் போய்ப் பாருங்கள். மேடை ஏற மூன்று படி, பந்தலுக்குள் வரக் குவித்த மணல். சக்கர நாற்காலியில் வந்தவர் ரோட்டோரமாகவே நின்றுவிடுகிறார். பறையடிக்க வந்த குழுவுக்குச் சாப்பாடு பந்தலுக்குப் பின்னால். ஆட வந்த பெண்கள் உடை மாற்றுவதற்கு ஒரு தார்ப்பாய் மறைப்பு மட்டும். முன்வரிசையில் ஒரு திருநங்கை உட்கார்ந்ததும் பக்கத்து நாற்காலிகள் மெல்லக் காலியாகின்றன. 'வராதே' என்று யாரும் வாய்விட்டுச் சொல்லவில்லை. சொல்லாமலே புரிந்துகொண்டவர் அடுத்த வருடம் வருவதில்லை. வராதவர் புகாரும் சொல்வதில்லை. 'எங்கள் விழாவில் இதுவரை ஒரு பிரச்சினையும் இல்லை' என்று விழாக் குழு நம்புவது அதனால்தான்.

வந்தவரை மதிப்போடு நடத்துவது விழாக் குழுவின் தாராள குணம் என்று பலர் நினைக்கிறார்கள். அது வந்தவரின் உரிமை.

சாதி பார்க்கும் பந்தல்

பொதுமக்களுக்கான கேளிக்கை இடங்களுக்குள் வருவதற்கு மதம், இனம், சாதி, பாலினம், பிறந்த இடம் காரணமாக எந்தக் குடிமகனுக்கும் தடை இருக்கக்கூடாது என்கிறது அரசியலமைப்பின் 15(2) பிரிவு. இது அரசை மட்டும் கட்டுப்படுத்தும் விதி அல்ல, விழா நடத்தும் தனியாரையும் கட்டுப்படுத்தும்.

பட்டியல் சாதியினரையும் பழங்குடியினரையும் அப்படிப்பட்ட இடத்துக்குள் விடாமல் தடுத்தாலோ, பண்பாட்டு ஊர்வலத்தில் கலந்துகொள்ளவிடாமல் செய்தாலோ, அது 1989-ஆம் ஆண்டு வன்கொடுமைத் தடுப்புச் சட்டப்படி குற்றம். ஆறு மாதம் முதல் ஐந்து ஆண்டு வரை சிறைத் தண்டனை உண்டு. 'உங்க ஆளுங்கதான் சாவுக்கு அடிக்கணும்' என்று மிரட்டிக் கூலியில்லாமல் பறையடிக்க வைப்பதும் இதே சட்டத்துக்குள் வரும். அது வழக்கம் அல்ல, கட்டாய வேலை.

அலங்காநல்லூரைச் சேர்ந்த பறைக் கலைஞர் வேலு ஆசானுக்கு 2025-இல் பத்மஸ்ரீ அறிவிக்கப்பட்டது. நாடு மரியாதை செய்த கலைக்கு ஊர்ப் பந்தலின் பின்பக்கத்தில் இலை போடுவது எந்த ஊர் நியாயம்?

மூன்று படி என்னும் சுவர்

2016-ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 21 வகைக் குறைபாடுகளைப் பட்டியலிடுகிறது. கலையும் பொழுதுபோக்கும் அவர்களுக்கு எட்டும்படி செய்வது அரசின் கடமை என்று அதன் 29-ஆவது பிரிவு சொல்கிறது. பொதுமக்களுக்குச் சேவை தரும் தனியார் அமைப்புகளும் அணுகல் விதிகளுக்கு உட்பட்டவையே. இந்த விதிகள் வெறும் ஆலோசனையாக இருந்தால் போதாது, கட்டாயமாக வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2024 நவம்பரில் தீர்ப்பளித்தது.

சாய்தளம் என்ற பெயரில் ஒரு பலகையைச் சாய்த்து வைத்தால் ஆபத்துதான் மிச்சம். ஓர் அடி உயரத்துக்குப் பன்னிரண்டு அடி நீளம் வேண்டும் என்பது கணக்கு. இரண்டடி மேடைக்கு 24 அடி. அவ்வளவு இடம் இல்லையென்றால் மேடையின் உயரத்தைக் குறையுங்கள். கூத்து தரையில் ஆடிய கலைதான்.

மேடை நகைச்சுவையிலும் கவனம் தேவை. திக்குவாயையும் காது கேளாமையையும் வைத்துச் சிரிப்பு மூட்டுவது நமக்குப் பழகிப்போயிருக்கிறது. மாற்றுத்திறனாளி ஒருவரைப் பலர் முன்னிலையில் வேண்டுமென்றே இழிவுபடுத்தினால் அதே 2016-ஆம் ஆண்டுச் சட்டத்தின் 92-ஆவது பிரிவின்படி ஐந்து ஆண்டு வரை சிறை.

மேடைக்குப் பின்னால்

2018-இல் 'மீ டூ' அலை வந்தபோது கர்நாடக இசை, பரதநாட்டிய உலகிலிருந்தும் பெண்கள் பேசினார்கள். ஒத்திகை அறை, இரவுப் பயணம், வாய்ப்புத் தருபவரின் தயவு என்று கலைத் தொழிலில் ஒரு பெண் தனியாக மாட்டிக்கொள்ளும் இடங்கள் அதிகம்.

பணியிடத்தில் பெண்களுக்கு நேரும் பாலியல் துன்புறுத்தலைத் தடுக்கும் 2013-ஆம் ஆண்டுச் சட்டம் மாதச் சம்பளக்காரர்களுக்கு மட்டுமானது அல்ல. தற்காலிகமாக வேலை செய்பவருக்கும், சம்பளமில்லாத தன்னார்வலருக்கும் பொருந்தும். பத்துப் பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் அமைப்பில் உள்ளகக் குழு கட்டாயம். அதற்கும் சிறிய அமைப்பு என்றால் மாவட்டத்தில் இயங்கும் உள்ளூர்க் குழுவிடம் போகலாம். சம்பவம் நடந்து மூன்று மாதத்துக்குள் எழுத்தில் புகார் தரவேண்டும். தக்க காரணம் இருந்தால் இன்னும் மூன்று மாதம் நீட்டிக்க இடமுண்டு.

காலியான பக்கத்து நாற்காலி

பரதக் கலைஞர் நர்த்தகி நடராஜ் 2019-இல் பத்மஸ்ரீ பெற்றார். அந்தப் பெருமையைப் பெற்ற முதல் திருநங்கை அவர். பொதுமக்களுக்கான வசதிகளையும் வாய்ப்புகளையும் திருநர்களுக்கு மறுக்கக்கூடாது என்ற சட்டம் வந்ததும் அதே 2019-இல்தான். மேடையில் ஆடினால் கைதட்டிவிட்டு, பார்வையாளராக வந்தால் விலகி உட்காருவதை எந்தச் சட்டமும் மாற்றிவிடாது. ஆனால் 'இங்கே உட்காராதே' என்று எழுப்பிவிடுவதைச் சட்டம் கேட்கும்.

நடத்துபவர்கள் செய்யவேண்டியவை

- திட்டமிடும் கூட்டத்திலேயே மாற்றுத்திறனாளி ஒருவரையும், எல்லாத் தெருக்காரர்களையும், பெண்களையும் உட்காரவையுங்கள். பந்தல் போட்ட பிறகு கேட்டுப் பயனில்லை.
- கழிவறை, பூட்டக்கூடிய உடைமாற்றும் அறை, வெளிச்சமான வழி ஆகிய மூன்றும் செலவுக் கணக்கில் மைக் செட்டுக்கு முன்னால் வரட்டும்.
- எல்லாக் கலைஞருக்கும் ஒரே பந்தி. பேசிய சம்பளம் நிகழ்ச்சி முடிந்த கையோடு.
- சைகை மொழிபெயர்ப்பாளர் வருகிறார் என்றால் அவர் முகத்தில் வெளிச்சம் படட்டும்.
- புகாரைக் கேட்க ஒரு பெண் உட்பட இருவரை நியமித்து, அவர்கள் எண்ணை நுழைவாயிலில் ஒட்டுங்கள்.

பாதிக்கப்பட்டால் என்ன செய்வது?

முதலில் தேதி, நேரம், நடந்தது, பார்த்தவர்கள் பெயர் ஆகியவற்றை அன்றிரவே எழுதிவையுங்கள். நோட்டீஸ், புகைப்படம், வாட்ஸ்அப் செய்தி எதையும் அழிக்காதீர்கள்.

உடனடி ஆபத்துக்கு 112. பெண்களுக்கு 181. சாதி வன்கொடுமைக்கு 14566. குழந்தைகளுக்கு 1098. அணுகல் வசதி மறுக்கப்பட்டால் மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகத்துக்கும், மாநில ஆணையருக்கும் மனு அனுப்பலாம்.

கைது செய்யத்தக்க குற்றம் என்றால் எந்தக் காவல் நிலையத்திலும் புகார் தரலாம். 'எங்கள் எல்லை இல்லை' என்று திருப்பி அனுப்ப முடியாது. முதல் தகவல் அறிக்கையின் நகலை இலவசமாகக் கேட்டு வாங்குங்கள். பதிய மறுத்தால் காவல் கண்காணிப்பாளருக்குத் தபாலில் எழுதுங்கள், அதற்கும் பலனில்லையென்றால் நீதித்துறை நடுவரை அணுகலாம். வன்கொடுமை வழக்கில் முன்விசாரணை என்று சொல்லிப் பதிவைத் தள்ளிப்போட முடியாது.

வழக்கறிஞருக்குப் பணம் இல்லையே என்று நின்றுவிடாதீர்கள். பெண்கள், பட்டியல் சாதியினர், பழங்குடியினர், மாற்றுத்திறனாளிகள் ஆகியோருக்கு வருமான வரம்பு பார்க்காமல் இலவச சட்ட உதவி உண்டு. எண் 15100.

விழாக் குழுவினருக்கு ஒரு வார்த்தை. அடுத்த நோட்டீஸ் அடிக்கும்போது 'அனைவரும் வருக' என்பதன் கீழே இன்னொரு வரி சேருங்கள்: சாய்தளம் உண்டா, சைகை மொழி உண்டா, புகாருக்கு யாரைக் கூப்பிடவேண்டும். ஒன்று இல்லையென்றால் இல்லை என்றே போடுங்கள். சக்கர நாற்காலியில் கிளம்பியவர் பந்தல் வாசல்வரை வந்து திரும்பாமலாவது இருப்பார்.