பஞ்சப்படி இல்லாத சம்பளம்

சோமனூர், பல்லடம் விசைத்தறிகளின் கூலிப் பிரச்சினையைச் சென்ற வாரம் பார்த்தோம். இந்த வாரம் செவிலியர் சம்பளம். பனியன் ஊரைப் பற்றிய தொடரில் செவிலியருக்கு என்ன இடம் என்று கேட்பவர்கள் 1984ஐ நினைவில் கொள்ள வேண்டும்.

அந்த ஆண்டு திருப்பூர் பனியன் தொழிலாளர்கள் 127 நாட்கள் வேலைநிறுத்தம் செய்தார்கள். கேட்டது பஞ்சப்படி. அரிசி விலை ஏறினால் சம்பளமும் கூடவே ஏற வேண்டும், அவ்வளவுதான் கோரிக்கை. சனிக்கிழமை சம்பளத்தை வைத்து மளிகைக் கடன் அடைக்கிற வீட்டில் பதினெட்டு சனிக்கிழமைகள் வெறுங்கையோடு கழிந்தன. ஆனாலும் பஞ்சப்படியை வாங்கிவிட்டுத்தான் மிஷினில் உட்கார்ந்தார்கள். முதலாளிகள் சங்கங்களும் சிஐடியு, ஏஐடியுசி, எல்பிஎஃப், ஐஎன்டியுசி போன்ற தொழிற்சங்கங்களும் சில ஆண்டுகளுக்கு ஒருமுறை எதிரெதிரே அமர்ந்து ஒப்பந்தம் போடுவது அதன்பின் ஊர் வழக்கமாயிற்று. 2021இல் போட்ட ஒப்பந்தத்தில் நான்கு ஆண்டுகளுக்கு 32 சதவீத உயர்வு; அதில் முதல் ஆண்டு மட்டும் 19.

இது எல்லோருக்கும் போய்ச் சேர்கிறதா? இல்லை. காண்ட்ராக்டரிடம் பீஸ் ரேட்டுக்குத் தைப்பவருக்கும், ஒடிசாவிலிருந்து வந்து விடுதியில் தங்கி ஒன்றரை ஷிப்ட் பார்க்கும் பெண்ணுக்கும் ஒப்பந்தம் பெரும்பாலும் காகிதத்தோடு நின்றுவிடுகிறது. ஆனால், இன்ன தொகை தர வேண்டும் என்று எழுதி, இரு தரப்பும் கையெழுத்துப் போட்ட ஒரு காகிதமாவது இருக்கிறது. சண்டை போட அது போதும்.

அரசு மருத்துவமனைகளில் தொகுப்பூதியத்தில் வேலை பார்க்கும் செவிலியருக்கு அப்படி ஒரு காகிதம் கிடையாது. 2015இல் மருத்துவப் பணியாளர் தேர்வு வாரியம் போட்டித் தேர்வு நடத்தி ஏழாயிரத்துக்கும் அதிகமானவர்களை எடுத்தது. மாதம் 7,700 ரூபாய். நாளுக்குப் பிரித்தால் 257 ரூபாய்கூட வராது. பஞ்சப்படி இல்லை, வீட்டு வாடகைப்படி இல்லை. இரண்டு ஆண்டு முடிந்ததும் நிரந்தரம் என்ற நம்பிக்கையில் சேர்ந்தார்கள். இரண்டு ஆண்டு முடிந்தது, நிரந்தரம் வரவில்லை. 2017 நவம்பர் 27 அன்று சென்னை தேனாம்பேட்டையில் மருத்துவ இயக்ககம் இருக்கும் டிஎம்எஸ் வளாகத்தில் ஆயிரக்கணக்கில் வந்து உட்கார்ந்தார்கள். உயர் நீதிமன்றம் குறுக்கிட்டது. மூன்றாம் நாளே போராட்டம் முடிவுக்கு வந்தது.

பிறகு ஊதியம் 14,000 ஆயிற்று, 18,000 ஆயிற்று. கொஞ்சம் கொஞ்சமாகச் சிலர் நிரந்தரமானார்கள். ஒப்பந்தச் செவிலியரை நிரந்தரமாக்குவோம் என்று 2021 தேர்தலில் வாக்குறுதி தந்த திமுக ஆட்சிக்கு வந்தது. 2025 டிசம்பரில் செவிலியர்கள் அதே கோரிக்கையோடு மறுபடியும் சென்னைத் தெருவில் இருந்தார்கள். ஒரே வார்டில், ஒரே நைட் ஷிப்டில், பக்கத்து மேஜையில் இருக்கும் நிரந்தரச் செவிலியர் வாங்குவது இவர்களைப்போல் இரு மடங்குக்கும் மேல். அதிமுக, திமுக இரண்டு கட்சிகளும் மாறி மாறி ஆண்டும் இந்த அநியாயம் நீடித்திருக்கிறது. எனக்கு இதில் கோபம்தான் வருகிறது.

தனியாரிடமும் நிலைமை சுலபமில்லை. உச்ச நீதிமன்றத்தின் 2016 உத்தரவின்படி மத்திய அரசு அமைத்த குழு, ஐம்பது படுக்கைக்கும் குறைந்த மருத்துவமனையில்கூடச் செவிலியருக்கு 20,000 ரூபாய்க்குக் குறையக் கூடாது என்றது. கேரளத்தில் செவிலியர் சங்கம் விடாமல் போராடி, 2018 ஏப்ரலில் அந்தத் தொகையைக் குறைந்தபட்ச ஊதியமாக அரசாணையில் ஏற்றவைத்தது. தமிழ்நாட்டுச் செவிலியர் கேட்பதும் இதையொத்ததுதான்.

2025 நவம்பர் 21 முதல் நடைமுறைக்கு வந்த தொழிலாளர் சட்டத் தொகுப்புகளைத் தொழிற்சங்கங்கள் எதிர்க்கின்றன. எதிர்க்கக் காரணமும் இருக்கிறது. ஆனால் அந்தத் தொகுப்புகளில் ஒன்றே, குறிப்பிட்ட காலத்துக்கு என வேலைக்கு எடுத்தவருக்கும் அதே வேலை பார்க்கும் நிரந்தரத் தொழிலாளியின் ஊதியத்தைத் தரச் சொல்கிறது. பனியன் கம்பெனிக்குப் பொருந்தும் இந்த நியாயத்தை அரசு தன் வார்டுக்குள் ஏற்க மறுப்பது எப்படிச் சரியாகும்?

விரலில் ஊசி ஏறிய டெய்லருக்குக் கட்டுப் போடுபவர், பஞ்சுத் தூசியில் மூச்சு முட்டியவருக்கு ஆக்சிஜன் வைப்பவர், பிரசவ வார்டில் இரவெல்லாம் நிற்பவர் இந்தச் செவிலியர்தான். பஞ்சப்படியின் அருமை திருப்பூர்ச் சங்கங்களுக்குத் தெரிந்த அளவு வேறு யாருக்கும் தெரியாது. அடுத்த மே தின மேடையில் பனியன் கோரிக்கைகளோடு செவிலியரின் கோரிக்கையையும் அவர்கள் சேர்த்து எழுத வேண்டும். செவிலியர் மீண்டும் சென்னைக்குப் பஸ் ஏறினால், கொடியோடு கூடப் போக வேண்டும்.

(தொடரும்)