வெண்பனிச் சாலையும் வெற்றுப் பிக்கப்பும்

கனடாவின் கியூபெக் மாகாணத்தில் பதிவு செய்யப்பட்ட கார்களும் பிக்கப் டிரக்குகளும் டிசம்பர் 1 முதல் மார்ச் 15 வரை குளிர்கால டயர்களோடுதான் ஓட வேண்டும் என்பது சட்டம். 2008இல் நடைமுறைக்கு வந்தபோது டிசம்பர் 15இல் தொடங்கிய இந்தக் காலம், 2019 முதல் இரண்டு வாரம் முன்னதாகவே தொடங்குகிறது. அண்டை மாகாணமான ஒன்ராறியோவில் அத்தகைய கட்டாயம் இல்லை என்றாலும், குளிர்கால டயர் பூட்டிய வண்டிகளுக்குக் காப்புறுதி நிறுவனங்கள் கட்டணச் சலுகை அளித்தாக வேண்டும் என்ற விதி 2016 முதல் அங்கே இருக்கிறது. ஆகவே ஸ்காபரோவிலும் மார்க்கத்திலும் பெருந்தொகையாக வாழும் தமிழர் உட்பட, ஒன்ராறியோவாசிகள் எந்த டயரைப் பூட்டுவது என்பதைத் தாமே தீர்மானிக்க வேண்டியவர்கள். உயரமும் கனமும் நான்கு சக்கர இழுவையும் கொண்ட பிக்கப், பனிக்கு அஞ்ச வேண்டியதில்லை என்ற நம்பிக்கை அந்தத் தீர்மானத்தில் பெரும்பங்கு வகிக்கிறது. வண்டியின் அமைப்பைக் கூர்ந்து நோக்கினால், அந்த நம்பிக்கையில் பாதிதான் தேறும்.

பிக்கப்பின் எஞ்சினும் ஓட்டுநர் அறையும் முன்பாதியில் இருக்க, பின்பாதியில் இருப்பது பெரும்பாலும் வெறும் சரக்குத் தொட்டியே. எனவே சுமை ஏற்றாத நிலையில் வண்டியின் எடையில் ஏறத்தாழ 60 விழுக்காடு முன்சக்கரங்களின்மீதே விழுகிறது. சாதாரண ஓட்டத்தில் எஞ்சினின் விசையைப் பெறுபவையோ பின்சக்கரங்கள். டயர் தரையைப் பற்றும் வலு அதன்மேல் அழுத்தும் எடையைப் பொறுத்தது என்பதால், வேலை செய்ய வேண்டிய சக்கரங்களில் எடையும் எடை தாங்கும் சக்கரங்களில் வேலையும் இல்லாத முரண் இந்த வண்டியின் பிறவிக்குணமாக அமைந்துவிடுகிறது. சிவப்பு விளக்கு பச்சையாகும்போது பின்சக்கரம் நின்ற இடத்திலேயே சுழல்வதும், வளைவில் வண்டியின் வால் வெளிப்பக்கம் வீசப்படுவதும் இதன் விளைவுகளே.

இதற்கு மாற்றாகப் பலர் தொட்டியில் மணல் மூட்டைகளை அடுக்குகின்றனர். சுமார் 100 முதல் 150 கிலோ எடை பின்சக்கரங்களின் பிடிப்பைக் கண்கூடாகக் கூட்டும். ஆனால் மூட்டைகள் பின் அச்சுக்கு நேர் மேலோ சற்று முன்னோ இருந்தாக வேண்டும். தொட்டியின் கடைக்கோடியில் வைத்தால், பின் அச்சையே தாங்குபுள்ளியாகக் கொண்டு நெம்புகோல் முறையில் முன்பக்கம் சற்றே தூக்கப்பட்டு, திருப்பும் சக்கரங்களின் பிடிப்புக் குறையும். கட்டாமல் விட்ட மூட்டை, விபத்தின்போது ஓட்டுநரை நோக்கிப் பாயும் என்பதையும் மறக்கலாகாது. கூடுதல் எடை வண்டியைக் கிளப்ப உதவுமே தவிர, நிறுத்தும் தூரத்தைக் குறைக்கும் மருந்தாகாது.

நான்கு சக்கர இழுவையின் கதையும் இதுவே. எஞ்சினின் விசை நான்கு சக்கரங்களுக்கும் பகிரப்படும்போது, பனி மூடிய ஏற்றத்தில் பிக்கப் வியக்கத்தக்க இலகுவோடு ஏறிவிடுகிறது. ஆனால் பிரேக் எல்லா வண்டிகளிலும் நான்கு சக்கரங்களில்தான் இருக்கிறது. நிறுத்துவதில் இந்த இழுவைக்குத் தனிச்சிறப்பு எதுவும் இல்லை. தயங்காமல் கிளம்பிய வண்டி தயங்காமல் நிற்கும் என்று ஓட்டுநரை நம்ப வைப்பதே இதில் உள்ள ஆபத்து. மேலும், பல பிக்கப்களில் உள்ள பகுதிநேர நான்கு சக்கர முறையில் முன் அச்சும் பின் அச்சும் ஒரே வேகத்தில் சுழலுமாறு பிணைக்கப்படுகின்றன. திரும்பும்போது முன்சக்கரங்கள் பின்சக்கரங்களைவிட நீண்ட பாதையைக் கடக்க வேண்டியிருப்பதால், பனியில் டயர் சற்று வழுக்கி ஈடுசெய்துகொள்ளும் இந்த வேறுபாடு, உலர்ந்த சாலையில் விசைப்பெட்டியையும் அச்சுகளையும் முறுக்கி வருத்தும். சாலை உலர்ந்ததும் பின்சக்கர இழுவைக்குத் திரும்பிவிட வேண்டும் என்று உற்பத்தியாளர்கள் வலியுறுத்துவது இதனால்தான்.

ஆக, நிற்பதும் திரும்புவதும் டயரின் பொறுப்பில் வந்து சேர்கின்றன. கோடை டயரின் ரப்பர் கலவை குளிரில் கெட்டிப்பட்டு, சாலையின் நுண்ணிய மேடுபள்ளங்களில் படியும் தன்மையை இழக்கிறது. குளிர்கால டயரின் கலவையோ கடுங்குளிரிலும் நெகிழ்வோடு இருக்கும்படி ஆக்கப்பட்டது. 7 டிகிரி செல்சியஸுக்குக் கீழே குளிர்கால டயர் என்பது பரவலாகச் சொல்லப்படும் அளவு. அது ஒரு வழிகாட்டியே அன்றி, அந்தப் புள்ளியில் எதுவும் திடீரென மாறிவிடுவதில்லை. டயரின் கட்டைகளில் நெருக்கமாக வெட்டப்பட்ட நுண்கீற்றுகளும் முக்கியமானவை. அவற்றின் விளிம்புகள் பனியைக் கவ்வுகின்றன. பள்ளங்களில் அடைந்த பனி சாலைப் பனியோடு ஒட்டிப் பிடிப்பைக் கூட்டுகிறது. சேற்றுக்கென்று செய்யப்பட்ட முரட்டுக் கட்டை டயர்கள் பார்வைக்கு மிரட்டினாலும், நுண்கீற்றுகள் குறைவாக இருப்பதால் பனிக்கட்டியின்மேல் பரிதாபமாக வழுக்குகின்றன. பிக்கப் உரிமையாளர்களை ஏமாற்றுவதில் இந்தத் தோற்றத்துக்கு நிகர் வேறில்லை.

டயரின் பக்கச்சுவரில் உள்ள குறிகளைப் படிக்கத் தெரிவது இந்த ஏமாற்றத்தைத் தவிர்க்கும். ‘எம் பிளஸ் எஸ்’ என்னும் எழுத்துக்குறி, சேற்றுக்கும் பனிக்கும் ஏற்ற பள்ள அமைப்பு இருப்பதை மட்டுமே சொல்வது. அதற்குப் பனிச்சோதனை எதுவும் தேவையில்லை. மூன்று சிகரங்கள் கொண்ட மலைக்குள் பனித்திவலை பொறித்த சின்னமோ, இறுக்கமான பனியில் நியம டயர் ஒன்றைவிடக் குறைந்தது 10 விழுக்காடு கூடுதல் இழுவைப் பிடிப்பைச் சோதனையில் காட்டிய டயருக்கே உரியது. கியூபெக் சட்டம் ஏற்பது இந்தச் சின்னத்தையும், ஆணி பதித்த டயரையும்தான். எனினும் அந்தச் சோதனை, பனியில் வண்டியை முன்செலுத்தும் திறனை அளப்பது. பனிக்கட்டியில் நிறுத்தும் திறனைப் பற்றி அது எதையும் உறுதிசெய்வதில்லை. கரடுமுரடான பாதைகளுக்கான பிக்கப் டயர்கள் சிலவும் இந்தச் சின்னத்தைப் பெற்றிருப்பதால், சின்னம் ஒன்றே என்பதற்காக அவற்றை முழுமையான குளிர்கால டயருக்கு ஈடாகக் கொள்வது பொருந்தாது.

அளவைப் பொறுத்தவரை அகலமே பலம் என்ற எண்ணம் பனியில் எடுபடுவதில்லை. குறுகிய டயர் பனியைக் கீறிக்கொண்டு அடியிலுள்ள தரையைத் தொடுகிறது. அகன்றது அதன்மேல் மிதக்க முனைகிறது. ஆதலால் உற்பத்தியாளர் அனுமதிக்கும் அளவுகளில் குறுகியதைத் தேர்ந்து, அதைத் தனி இரும்பு ரிம்களில் பூட்டி வைத்துக்கொள்வது நல்ல ஏற்பாடு. எந்த அளவாயினும் நான்கு சக்கரங்களுக்கும் ஒரே வகை டயர் வேண்டும். பின்னால் மட்டும் மாற்றினால் வண்டி கிளம்பும், முன்சக்கரங்கள் திரும்ப மறுக்கும். அடிக்கடி பாரம் ஏற்றுபவருக்கு, எல்டி என்று குறிக்கப்படும் இலகு டிரக் டயர் தேவைப்படும். வெறும் தொட்டியோடு வேலைக்குப் போய்வருபவருக்கு அதன் விறைப்பான பக்கச்சுவர் வீண்சுமை. காற்றழுத்தம் ஏறத்தாழ 5 அல்லது 6 டிகிரி குளிர்ச்சிக்கு ஒரு பிஎஸ்ஐ வீதம் இறங்கும் என்பதால், 20 டிகிரி கொட்டகையில் நிரப்பிய காற்று மைனஸ் 20 டிகிரித் தெருவில் ஏழு பிஎஸ்ஐ குறைந்திருக்கும்.

ஓட்டும் முறையில் கவனிக்க வேண்டியது வேகத்தைவிட மென்மையே. குளிர் மிகுந்த நாளைவிட, வெப்பம் பூச்சியத்தை ஒட்டி நிற்கும் நாளே வழுக்கல் மிகுந்தது. பனிக்கட்டியின்மேல் அப்போது மெல்லிய நீர்ப்படலம் பரவியிருக்கும். அடியிலும் காற்றுப் புகும் பாலங்கள் மற்றச் சாலைகளுக்கு முன்னரே உறையும். சரிவில் கியரைச் சட்டென்று குறைத்தால், பின்சக்கர இழுவையில் பின்சக்கரங்கள் மட்டும் இழுபட்டு வால் சறுக்கும். அவ்வாறு சறுக்கும்போது முடுக்கியிலிருந்து காலை எடுத்து, செல்ல விரும்பும் திசையை நோக்கித் திருப்புவதே முறை.

செலவைக் குறைக்கப் பழைய குளிர்கால டயர்களை வாங்குவோர் இரண்டைப் பார்க்க வேண்டும். பள்ளத்தின் ஆழம் 5 மில்லிமீட்டருக்குக் கீழே வந்த டயர், பிரிட்டிஷ் கொலம்பியா மாகாணம் குறைந்தபட்சமாக வைத்துள்ள 3.5 மில்லிமீட்டர் வரம்பைத் தாண்டியிருப்பினும், ஆழ்ந்த பனியில் பெரிதாக உதவாது. பக்கச்சுவரில் ‘டிஓடி’ எழுத்துகளோடு தொடங்கும் குறியின் இறுதியில் நான்கு இலக்கங்கள் உண்டு: 3522 என்றிருந்தால் அது 2022ஆம் ஆண்டின் 35ஆவது வாரத்தில் செய்யப்பட்டது. பள்ளம் ஆழமாகவே இருந்தாலும் ஆண்டுகள் கடந்த ரப்பர் இறுகிவிடுகிறது. இறுகிய குளிர்கால டயருக்குக் கொடுக்கும் விலை வெறும் பள்ள வடிவத்துக்குக் கொடுக்கும் விலைதான்.