நர்சரி குவின்ஸும் போன்சாய்த் தொட்டியும்

ஒரு கோப்பை டீயில் முடிகிற விஷயம் இல்லை இது. இன்னொரு கோப்பைக்கும் தண்ணீர் வைத்துவிட்டு உட்காருங்கள்.

பிப்ரவரி கடைசியில் இங்கிலாந்து நர்சரிகளில், இலையே இல்லாத முள்கொம்புகளில் செக்கச்செவேலென்று பூத்து நிற்கும் செடி ஒன்றைப் பார்த்திருப்பீர்கள். அதுதான் பூக்கும் குவின்ஸ். உள்ளூர்க்காரர்களுக்கு ‘ஜப்போனிகா’, ஜப்பானியர்களுக்கு ‘போகே’. ரோஜா, ஆப்பிள், பேரி எல்லாம் இருக்கிற குடும்பத்தில் ஒன்று. பழத்துக்காக வளர்க்கும் சீமைமாதுளைக்கு உறவுதான், ஆனால் வேறு செடி. போன்சாய் ஆசையில் இதை வாங்கிப்போகிறவர்களில் பலர் முதலில் செய்யும் காரியம், இருப்பதிலேயே தடித்த தண்டு ஒன்றை வைத்துக்கொண்டு மற்றதையெல்லாம் வெட்டி எறிவது. ஒற்றைத் தண்டு, அதில் கிளைகள், மேலே ஓர் உச்சி என்று மரத்துக்கு ஒரு படம் நம் மனதில் இருக்கிறது. குவின்ஸ் அந்தப் படத்துக்குள் அடங்காது.

பைன் மரத்தின் பலம் உச்சியில் இருக்கும். குவின்ஸின் பலமோ அடியில். கொல்லைக் கறிவேப்பிலையைச் சுற்றிக் கன்று கிளம்புகிறதே, அதேபோல இதுவும் வருஷந்தோறும் பக்கக்கன்றுகளை விட்டுக்கொண்டே இருக்கும். பழைய தண்டின் உச்சி மெல்ல நலியும். அடியிலிருந்து புதியது எழும்பி அந்த இடத்தைப் பிடிக்கும். ஒற்றைத் தண்டாகவே வளர்ப்பேன் என்று பிடிவாதம் பிடித்தால் ஆயுள் முழுக்கக் கன்று கிள்ளிக்கொண்டிருக்க வேண்டும். அந்தத் தண்டும் அவ்வளவு சீக்கிரம் பருக்காது. ஜப்பானில் இதைப் பெரும்பாலும் ஒரே அடியிலிருந்து பல தண்டுகள் எழும் தூர்க்கட்டு வடிவத்தில்தான் வளர்க்கிறார்கள். அதற்குக் ‘கபுதாச்சி’ என்று பெயர். நர்சரிச் செடியை வைத்துத் தொடங்குகிறவருக்கும் இதுதான் சரியான வழி என்பேன்.

வாங்கும்போதே இதை மனதில் வையுங்கள். பூவைப் பார்த்து மயங்காமல், மேல்மண்ணை விரலால் ஓரங்குலம் விலக்கி அடியைப் பாருங்கள். தண்டுகள் ஒன்றோடொன்று நெருங்கி, கொஞ்சம் கோணலாக, வெவ்வேறு பருமனில் கிளம்பியிருந்தால் நல்ல செடி. அடியில் கரணை கரணையாக வீக்கம் இருந்தால் எவ்வளவு மலிவாகக் கொடுத்தாலும் வேண்டாம். காரணத்தைப் பிறகு சொல்கிறேன். பெயர்ச்சீட்டையும் முழுக்க நம்ப வேண்டியதில்லை. 1796இல் தாவரவியலாளர் ஜோசப் பேங்க்ஸ் மூலம் லண்டன் கியூ தோட்டத்துக்கு வந்தது சீனத்துச் செடி. அதை ஜப்பான் செடி என்று நினைத்துப் பழகிய குழப்பம் இன்றும் முழுதாகத் தீரவில்லை. சீனத்து வகை ஆளுயரம் தாண்டும். ஜப்பான் வகை இடுப்பளவில் படர்ந்து நின்றுவிடும். இரண்டுக்கும் பிறந்த கலப்பினம்தான் கடைகளில் அதிகம். ‘கிரிம்சன் அண்ட் கோல்ட்’ அதில் ஒன்று. போன்சாய்க்காரர்கள் உயிரை விடுவது ‘சோஜுபாய்’ என்ற குட்டை வகைக்கு. இலையும் பூவும் சிறியவை, வருஷத்தில் பலமுறை பூக்கும். சாதாரண நர்சரியில் அது கிடைப்பது அபூர்வம்.

பூத்த செடியை வாங்கினீர்கள் என்றால் பூக்கட்டும், விடுங்கள். வாடிய பூக்களை மட்டும் காய் பிடிப்பதற்கு முன் கிள்ளுங்கள். காய் மஞ்சளாகி வாசனையாகத்தான் இருக்கும், ஜெல்லிக்கும் உதவும். ஆனால் வளர்ப்பில் இருக்கும் சிறு செடிக்கு அது பாரம். பூ ஓய்ந்ததும் கவாத்து. ஐந்தோ ஏழோ தண்டுகளை மட்டும் நிறுத்தி, நீண்டதை இரண்டு மூன்று கணு விட்டு வெட்டுங்கள். பூமொட்டு முந்தைய வருஷத்துக் கொம்பில் கோடையிலேயே உருவாகிவிடும். அதனால் குளிர்காலத்தில் கண்மூடித்தனமாக வெட்டினால் அடுத்த பூவையும் சேர்த்து வெட்டியதாகும். இலையுதிர்காலத்தில் உற்றுப் பாருங்கள்: உருண்டையாக இருப்பது பூமொட்டு, கூர்மையாக இருப்பது இலைமொட்டு.

இந்தச் சமயத்தில் வேரைத் தொட வேண்டாம். பெரும்பாலான போன்சாய் மரங்களுக்கு மண் மாற்றுவது வசந்தத்தில்தான். குவின்ஸுக்கு ஜப்பானியர் தேர்ந்தெடுப்பது இலையுதிர்காலத்தை. அடியில் வீக்கம் என்று சொன்னேனே, அதுதான் இதற்கும் காரணம். மண்ணில் வாழும் அக்ரோபாக்டீரியம் என்ற பாக்டீரியா வெட்டுக்காயம் வழியே நுழைந்து, தன் மரபணுத் துண்டு ஒன்றைச் செடியின் செல்லுக்குள் செருகிவிடும். அதன் பிறகு அந்தச் செல்கள் கட்டுப்பாடில்லாமல் பெருகிக் கழலையாகும். மருந்து கிடையாது. வெதுவெதுப்பான மண்ணில் வேரை வெட்டுவது அதற்குக் கதவைத் திறந்துவிடுவது மாதிரி. இங்கிலாந்தில் செப்டம்பர் கடைசி முதல் அக்டோபர் வரை மண் குளிரத் தொடங்கியிருக்கும், கிருமியின் வேகமும் குறையும். ஆனால் உறைபனிக்கு முன் புது வேர் பிடிக்க அவகாசம் இருக்கும். கத்தரியை ஸ்பிரிட்டில் துடைத்துவிட்டே தொடங்குங்கள். நர்சரிக் கரிமண்ணை உதிர்த்து, சுற்றிச் சுருண்ட வேர்களை வெட்டி, சல்லிவேரைக் காப்பாற்றுங்கள். அகடாமா என்ற ஜப்பானியக் களிமண் குருணையும் நுரைக்கல்லும் கலந்த, நீர் தேங்காத கலவை போதும். முதல் சில வருஷங்களுக்கு அழகுத்தொட்டி தேவையில்லை. அகலமான வளர்ப்புத்தொட்டியே நல்லது. அந்தக் குளிர்காலம் மட்டும் சூடேற்றாத கொட்டகையில் இருக்கட்டும். வீட்டுக்குள் கொண்டுவராதீர்கள், குளிர் பட்டால்தான் இது ஒழுங்காகப் பூக்கும். சென்னை மொட்டைமாடிக்கு இதை நான் சிபாரிசு செய்யாததற்கும் அதுவே காரணம்.

கம்பி கட்டுவதைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. முற்றிய கொம்பு வளையாது, படக்கென்று முறியும். கோடைத் தொடக்கத்தில் பச்சையாக இருக்கும் துளிரை அலுமினியக் கம்பியால் தளர்வாகச் சுற்றித் திருப்பலாம். அதோடு சரி. மற்றபடி குவாங்டாங் பக்கத்து லிங்நான் மரபுக்காரர்களின் முறையைப் பின்பற்றுங்கள்: நீள விடு, வெட்டு, மறுபடி நீள விடு. ஒவ்வொரு வெட்டிலும் கொம்பு ஒரு கோணம் திரும்பும். முள் குத்தும், கையுறை போடுங்கள்.

தண்ணீர் விஷயத்தில் கஞ்சத்தனம் கூடாது. கோடையில் ஒருநாள் காய்ந்தாலும் இலை கருகும். லண்டன் குழாய்த் தண்ணீரில் சுண்ணாம்பு அதிகம். அதையே ஊற்றிக்கொண்டிருந்தால் நரம்பு மட்டும் பச்சையாக நிற்க இலை மஞ்சளாகும். மழைநீரைப் பீப்பாயில் பிடித்து வைத்து ஊற்றுங்கள்.

கடைசியாக ஒன்று. மண் மாற்றும்போது வெட்டிய வேர்களில் பென்சில் பருமனில் இருப்பதைக் குப்பையில் போடாதீர்கள். விரல் நீளத்துக்கு நறுக்கி, செடியோடு ஒட்டியிருந்த முனை மேலே தெரியும்படி மணல் கலந்த மண்ணில் நட்டு வையுங்கள். குவின்ஸ் வேரிலிருந்தே துளிர்க்கும், கோணல் வேருக்குக் கோணல் தண்டு கிடைக்கும்.