அழகான விளையாட்டு ஏன் திக்குகிறது?

திரையில் பச்சைப் பள்ளத்தாக்கு, தொலைவில் வெள்ளைக் கோபுரம், ஏரி நீரில் மாலை வெயில். குதிரையில் ஏறி ஓடவிடுகிறீர்கள். சிறிது தூரம் சுகமாகப் போகிறது. சட்டென்று படம் ஒரு கணம் உறைந்து, பிறகு தாவுகிறது. "கிராஃபிக்ஸ் கார்டு போதவில்லை, புதிது வேண்டும்" என்று வீட்டில் கேட்கத் தோன்றும். லிட்டில் இந்தியாவிலிருந்து நடந்தே போகக்கூடிய சிம் லிம் ஸ்குவேரில் விசாரித்தால், நல்ல கார்டுக்குப் பல நூறு வெள்ளி ஆகும். அந்தப் பணம் திக்கலைத் தீர்க்குமா?

இதற்குப் பதில் தேட ஓர் உண்மையான உதாரணம் இருக்கிறது. 2006ல் பெதெஸ்டா நிறுவனம் 'தி எல்டர் ஸ்குரோல்ஸ் 4: ஒப்ளிவியன்' என்ற விளையாட்டை வெளியிட்டது. நாமே ஒரு பாத்திரமாகி, பெரிய கற்பனை நாட்டில் விருப்பம்போல் சுற்றித் திரியும் வகை அது. அதைப் புதுப்பிக்கும் பணியில் முக்கியப் பங்கு வகித்தது சிங்கப்பூரைத் தலைமையகமாகக் கொண்ட வர்ச்சுவோஸ் நிறுவனம். புதிய பதிப்பு 2025 ஏப்ரல் 22ஆம் தேதி வெளியானது. சில நாள்களிலேயே 40 லட்சத்துக்கும் மேற்பட்டோர் விளையாடினர். அழகைப் பலரும் பாராட்டினர். ஆனால், மிக வேகமான, விலையுயர்ந்த கணினிகளிலும் திறந்தவெளியில் ஓடும்போது படம் திக்கியது.

அமெரிக்காவில் இது 17 வயதும் அதற்கு மேலும் உள்ளவர்களுக்கு எனத் தரப்படுத்தப்பட்ட விளையாட்டு. நீங்கள் விளையாடாவிட்டாலும், அந்தத் திக்கலுக்குள் இருக்கும் அறிவியல் உங்களுக்குப் பயன்படும்.

சராசரி மறைக்கும் உண்மை

திரையில் தெரியும் அசைவு, வேகமாக மாறும் அசையாப் படங்களின் வரிசை. ஒவ்வொரு படத்தையும் 'ஃபிரேம்' என்கிறோம். வினாடிக்கு 60 ஃபிரேம் வேண்டுமென்றால், ஒன்றைத் தயாரிக்கக் கிடைக்கும் நேரம் 1000 ÷ 60, அதாவது சுமார் 16.7 மில்லிவினாடி.

இப்போது ஒரு கணக்கு. ஒரு வினாடியில் 59 ஃபிரேம்கள் தலா 14 மில்லிவினாடியில் தயாராகின்றன. மொத்தம் 826. மீதமுள்ள ஒரே ஒரு ஃபிரேமுக்கு 174 மில்லிவினாடி ஆகிறது. கூட்டினால் சரியாக 1000. கணினி "60 ஃபிரேம்" என்றுதான் காட்டும். ஆனால், அந்த ஒரு ஃபிரேம் பத்து ஃபிரேம்களின் நேரத்தை விழுங்கிவிட்டது. கண் அதை உடனே கண்டுபிடித்துவிடும்.

சிராங்கூன் சாலையில் மணிக்கு ஆறு பேருந்துகள் என்று வைத்துக்கொள்வோம். பத்து நிமிடத்துக்கு ஒன்று வந்தால் நிம்மதி. ஐம்பது நிமிடம் காக்கவைத்து ஆறும் சேர்ந்தாற்போல் வந்தாலும் சராசரி அதேதான்! திரையரங்கில் ஓடும் படத்தில் வினாடிக்கு 24 ஃபிரேம்களே உண்டு. ஆனாலும் அது திக்குவதில்லை. காரணம், அவை சீரான இடைவெளியில் வருகின்றன.

பரோட்டாக் கடையும் கணினியும்

அந்த ஒரு ஃபிரேம் மட்டும் ஏன் தாமதமாகிறது? ஒரு பரோட்டாக் கடையை நினைத்துக்கொள்ளுங்கள். ஆர்டர் எடுத்து, என்ன போடவேண்டும் என்று உள்ளே சொல்பவர் மையச் செயலி. கல்லில் பரோட்டா போடும் மாஸ்டர் கிராஃபிக்ஸ் கார்டு. திக்கலுக்குப் பொதுவாக இரண்டு காரணங்கள் உண்டு.

முதலாவது, 'ஷேடர்'. நீர் எப்படி மின்னவேண்டும், கல்லில் நிழல் எப்படி விழவேண்டும் என்று கிராஃபிக்ஸ் கார்டுக்குச் சொல்லும் சிறு நிரல்கள் இவை. ஒவ்வொரு வகைக் கார்டுக்கும் ஏற்ற மொழியில் இவற்றை மாற்றித்தரவேண்டும். நல்ல கடையில் மாவு முன்கூட்டியே பிசைந்து உருண்டையாகத் தயாராக இருக்கும். ஆர்டர் வந்த பிறகுதான் பிசைவது என்றால் வரிசை நின்றுவிடும். எல்லாரிடமும் ஒரே வன்பொருள் உள்ள பிளேஸ்டேஷன் 5 போன்ற கருவிகளுக்கு ஷேடர்களை முன்பே தயாரித்து அனுப்பிவிடலாம். கணினிகளோ ஆளுக்கு ஒருவகை. ஆகவே, அந்தந்தக் கணினியிலேயே அந்த வேலை நடக்கவேண்டும்.

ஆனால், ஒப்ளிவியனின் புதிய பதிப்பு, கணினியில் தொடங்கும்போதே ஷேடர்களைத் தயாரிக்கிறது. அப்படியும் திக்கியது, பிளேஸ்டேஷன் 5லும் திக்கியது. அதனால், இரண்டாவது காரணத்தின் மீதுதான் சந்தேகம் அதிகம்.

அது, உலகை ஏற்றும் வேலை. முழு நாட்டையும் ஒரே நேரத்தில் நினைவகத்தில் வைக்க முடியாது. ஆகவே, அதைக் கட்டங்களாகப் பிரித்து, நீங்கள் நெருங்கும்போது அடுத்த கட்டத்தின் மரம், வீடு, மனிதர் எல்லாவற்றையும் ஏற்றுகிறார்கள். இந்தப் பதிப்பில் 2006ன் பழைய நிரல் உள்ளே இருந்து உலகை இயக்குகிறது. அன்ரியல் எஞ்சின் 5 அதன்மேல் படம் வரைகிறது. உருவாக்கியவர்களே முன்னதை மூளைக்கும் பின்னதை உடலுக்கும் ஒப்பிட்டார்கள். புதிய கட்டம் வரும்போது இரண்டு அமைப்புகளும் சேர்ந்து தயாராகவேண்டும். செயலியில் பல கருக்கள் இருந்தாலும், வரிசையாகச் செய்யவேண்டிய வேலையை அவற்றுக்குப் பங்கிட முடியாது. ஒரே ஆள் ஐம்பது ஆர்டர்களை ஒன்றன்பின் ஒன்றாக எழுதிக்கொண்டிருந்தால், மாஸ்டர் கையைக் கட்டிக்கொண்டு நிற்பார். அப்போது இன்னும் பெரிய கல் வாங்கிப் போட்டு என்ன பயன்?

நீங்களே சோதித்துப் பாருங்கள்

உங்கள் கணினியில் ஏதாவது ஒரு விளையாட்டு திக்கினால், அறிவியல் பாடத்தில் செய்வதுபோல் ஒரே ஒரு மாறியை மட்டும் மாற்றுங்கள். திரைத் தெளிவை 1440லிருந்து 1080க்குக் குறையுங்கள். கிராஃபிக்ஸ் கார்டின் சுமை குறையும். படம் சீராகிவிட்டால், கார்டுதான் திணறியது. திக்கல் அப்படியே இருந்தால், புதிய கார்டு வாங்கியும் அது பெரும்பாலும் போகாது.

அடுத்து, திக்கிய இடத்துக்கே மீண்டும் போங்கள். முதல் முறை மட்டும் திக்கியிருந்தால், ஷேடராக இருக்கலாம். அதே எல்லையைக் கடக்கும்போதெல்லாம் திக்கினால், உலகை ஏற்றும் வேலையாக இருக்கலாம். விளையாட்டு வன்தட்டில் இருந்தால், எஸ்எஸ்டிக்கு மாற்றுவது ஓரளவு உதவும். மற்றதை நிரலை எழுதியவர்கள்தான் புதுப்பிப்பு மூலம் சரிசெய்யவேண்டும். இவற்றையெல்லாம் பார்த்த பிறகு சிம் லிம் ஸ்குவேருக்குப் போகலாமா என்று முடிவெடுங்கள்.